பசுவுக்கு வாங்கிய மரச்சீனி

போன வருஷம் என் மகளுக்கு வயிற்றுவலி வந்து நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசுப் பெண் டாக்டர். குடும்பத்தில் வேறு யாருக்காவது வயிற்றில் கோளாறு உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இத்தனை வருஷமும் காத்திருந்தவள் மாதிரி நான் தொடங்கிவிட்டேன். என் அண்ணனுக்குக் கணையத்தில் கல், அதனால் சர்க்கரை, நாங்கள் வருஷக்கணக்காக மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்றோம், வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாமலே தின்றோம், அவன் ஒரு சொட்டு சாராயம் குடித்ததில்லை. மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. டாக்டரிடம் மறைத்தால் என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவள் நான்.

மகளுக்கு ஒன்றுமில்லை. பூச்சி மாத்திரையோடு தீர்ந்தது. ஆனால் அந்த டாக்டர் என்னை உடனே அனுப்பாமல் கொஞ்ச நேரம் பேசினார். மரச்சீனியில் இருக்கும் நஞ்சுதான் அந்த நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்களாம். பிறகு மரச்சீனியே தின்னாத ஊர்களிலும் அதே நோய் இருப்பது தெரிந்ததாம். கணையம் சுரக்கிற செரிமான நீர், குடலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் கணையத்தையே தின்னத் தொடங்கிவிடுகிறது என்றும், அதைத் தடுக்க வேண்டிய காவல் சிலருக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கிறது என்றும் இப்போது சொல்கிறார்களாம். சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கலாம், முழுசாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். நான் தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இதைக் கேட்க அம்மா உயிரோடு இல்லை. தன் கையால் அவித்துப் போட்ட மரச்சீனிதான் மகனைக் கொன்றது என்று நம்பிக்கொண்டே அவள் செத்துப்போனாள்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை என்றால் இரண்டும். நாங்கள் சைவக்காரர்கள். ராஜா காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் கணக்கெழுதிய குடும்பம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு மிச்சமிருந்ததும் அந்தப் பெயர்தான். பாகப்பிரிவினையில் வயல் போயிற்று, அப்பா கணக்கெழுதிக்கொண்டிருந்த துணிக்கடையும் மூடிப்போயிற்று. தொழுவத்தில் நின்ற பசுவை அதற்கடுத்த ஓணத்துக்கு முன்னால் விற்றோம். ரேஷன் அரிசி பாதி மாதம் வரும். மீதி மாதத்துக்கு மரச்சீனி.

அந்தப் பக்கத்தில் மரச்சீனி தின்னாத வீடு கிடையாது. காலையில் அவித்துத் தேங்காய்த் துவையலோடு தின்றுவிட்டு அத்தனை பேரும் ஆனந்தமாக வேலைக்குப் போனார்கள். ஆனால் எங்கள் அப்பாவுக்கு அது பஞ்சத்துத் தீனி. யுத்த காலத்தில் அரிசி கிடைக்காதபோதுகூடத் தங்கள் வீட்டு அடுக்களையில் அது ஏறவில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர். தட்டில் அதை வைத்துக்கொண்டே, நம் வீட்டில் அது ஏறாது என்று சொல்லக்கூடியவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்களிடம் மறைப்பதற்குச் சோறும் இல்லை.

மறைக்கிற வேலையெல்லாம் என்னுடையதும் அம்மாவுடையதும்தான். மரச்சீனி வாங்க நான் பக்கத்து விளைக்காரரிடம் போவேன். அவர் தோட்டத்தில் மரச்சீனியும் வாழையும் வைத்திருந்தார், கொஞ்சம் ரப்பரும் இருந்தது. வீட்டில் சொல்லித் தந்தபடி, பசுவுக்கு வேணும் என்பேன். பசு இருந்த காலத்தில் உண்மையாகவே அதற்கு மரச்சீனித் தோலும் கிழங்கும் வாங்கியதுண்டு. பசு போன பிறகும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் ஒருநாள்கூட முகம் மாறியதில்லை. நன்றாக முற்றிய செடி மூடாகப் பார்த்துப் பிடுங்கி மண்ணைத் தட்டித் தருவார். "மாடானாலும் நல்லதத் தின்னட்டும் மக்ளே" என்பார்.

தோலை வாசல் பக்கம் போட முடியாது. தெற்கு மூலையில் குழி தோண்டிப் புதைப்போம். அந்த மூலைக்கு யாரும் வரமாட்டார்கள். எங்கள் வீட்டில் செத்தவர்களை எரிப்பது அங்கேதான். எரித்த இடத்தில் நட்ட தென்னைகள் இரண்டு நின்றன. வேறெந்தத் தென்னையையும் விட அவை அதிகம் காய்த்தன. அதற்குக் காரணம் முன்னோர்களின் ஆசி என்று அப்பா சொல்லுவார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. மரச்சீனியை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும், அதில் கட்டு உண்டு என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். கட்டு என்றால் நஞ்சு. ஆனால் எங்கள் அடுக்களைத் தண்ணீர் ஓடுகிற ஓடை, வழியில் போகிறவர்கள் கண்ணில் படும். வெள்ளையாக, பசை மாதிரி, மணத்தோடு ஓடினால் என்ன வேகிறது என்று கேட்கவே வேண்டாம். அதனால் அம்மா பானையை மூடிவைத்து, தண்ணீரை அதிலேயே சுண்டவிட்டாள். பானைக்குள் அடங்கியது எங்கள் வயிற்றுக்கும் வந்தது.

அண்ணனுக்குப் பத்துப் பதினொரு வயதிலிருந்தே வயிற்றுவலி உண்டு. அப்போது பசுவும் இருந்தது, அரிசியும் இருந்தது. இதை நான் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அப்போது யாரும் பார்க்கவில்லை. வலி வந்தால் ஒரு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து, நெற்றி தரையில் படும்படி உட்காருவான். அப்படியே பாதிப் பகல் இருப்பான். சத்தம் போடமாட்டான். அவன் மூச்சு விடுகிற சத்தத்தில் வலி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

முதலில் வாயு என்றார்கள். திருப்புறம் என்ற ஊரில் ஒரு வைத்தியர் கஷாயம் தந்தார். அது அடுத்த வீட்டு நாய்க்கும் எட்டுகிற அளவுக்கு நாறியது, வலி மட்டும் அசையவில்லை. பிறகு பாறசாலையில் ஒரு டாக்டர் அல்சர் என்று சொல்லி வெள்ளை மருந்து தந்தார். இன்னொருவர் குடல்வால் என்று அதை வெட்டி எடுத்தார். வெட்டிய தழும்பு ஆறுவதற்குள் பழைய வலி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. பேய் என்றும் ஒருத்தி சொன்னாள். அவளை அம்மா விளக்குமாற்றோடு விரட்டினாள்.

படிப்பு முடிந்து அவன் ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற ஒரு கடையில் எழுத்து வேலைக்குப் போனான். அப்போதுதான் மெலியத் தொடங்கினான். நிறையத் தின்பான், உடம்பில் ஒட்டாது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிப்பான். கக்கூஸில் எண்ணெய் மிதக்கிறது என்று என்னிடம்தான் சொன்னான், அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்து, நெய்யாற்றின்கரையில் கொண்டுபோய்ப் பார்த்தபோது சர்க்கரை என்றார்கள். கிழவர்களுக்கு வருகிற நோய் இவனுக்கு எப்படி என்று அப்பா டாக்டரிடம் சண்டைக்குப் போனார். அந்த டாக்டருக்கு ஏதோ தோன்றி வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

அந்தப் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து எங்களுக்குக் காட்டினார்கள். முதுகெலும்புக்குக் குறுக்கே, வெள்ளை வெள்ளையாகக் கற்கள். ரேஷன் அரிசியைப் புடைத்துப் பொறுக்கி ஒதுக்கி வைத்த கல் மாதிரி இருந்தது. இத்தனை காலமும் இதுதான் என்று அண்ணன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது. வலி நடிப்பு என்று சொன்னவர்களும் உண்டு. இப்போது அவன் கையில் சாட்சி இருந்தது.

இந்தக் கல் நோயைப் பற்றி மட்டும் ஆராய்கிற ஒரு டாக்டர் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அங்கே அனுப்பினார்கள். அப்பா, அண்ணன், நான் மூவரும் போனோம். வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் அண்ணனைப் போலவே இருந்தார்கள், குச்சிக் கையும் உப்பிய கன்னமுமாக. அவர்களில் பாதிப் பேருக்கு இருபது வயதுகூட இருக்காது. அம்பூரியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். இந்த டாக்டர் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டால் மாத்திரையும் இன்சுலினும் இங்கேயே தருவார்களாம். கணையத்தைத் திறந்து கல்லை எடுக்கிற ஆபரேஷனும் செய்வார்களாம். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தன் மகன் வலியில்லாமல் தூங்குகிறான் என்றார். ஆனால் குடிக்கிறவர்களை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை என்றும் சொன்னார். குடியாலும் இதே மாதிரி கல் வரும், இரண்டையும் கலந்தால் எது எதனால் என்று தெரியாமல் போய்விடும் என்பதால். அண்ணனைப் பார்த்து நான் புன்னகை செய்தேன். எங்களுக்கு என்ன பயம் என்று நினைத்தேன்.

அப்பாவும் அண்ணனும் உள்ளே போனார்கள். கதவு கிடையாது, துணித் திரைதான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், எல்லாம் கேட்டது. டாக்டர் மலையாளத்தில் மெதுவாகப் பேசினார். குடி உண்டா என்று கேட்டார். இல்லை என்றான் அண்ணன். பிறகு மரச்சீனி தின்பதுண்டா, எந்த வயதிலிருந்து, எப்படி வேகவைப்பீர்கள், தண்ணீரை வடிப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டுல அது ஏறாது சாரே. பசுவுக்கு வாங்குகது உண்டு."

மரச்சீனியும் இல்லை, குடியும் இல்லை என்றால் தனக்குப் புரியவில்லை என்றார் டாக்டர். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இரண்டில் ஒன்று இருக்க வேண்டும் என்றார். அப்பாவுக்குத் தெரியாமல் பையன் குடிக்கலாமே, ரப்பர் கடையில், பல மாதிரி ஆட்களோடு பழகுகிற வேலை என்கிறீர்களே என்று அவரே எடுத்தும் கொடுத்தார். நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன். அப்பாவின் முதுகு தெரிந்தது. அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவனுக்க சேர்க்கை கொறச்சு மோசமாக்கும்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். டாக்டருக்கு அது போதும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு தடவை இல்லை என்று சொன்னவன் மறுபடி சொல்லவில்லை. பொதுவான வரிசையில் போய்ப் பார்த்துக்கொள்ளும்படி எழுதித் தந்து, குடியை நிறுத்தினால்தான் எதுவும் பலிக்கும் என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினார்கள்.

மகன் குடிகாரன் என்றால் அது மகனின் தப்பு, அரிசிப்பானை காலி என்றால் அது அப்பனின் தப்பு. அப்பா அந்த ஒரு நிமிஷத்தில் அப்படித்தான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். வேண்டுமென்று செய்தார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். வாயில் பழகிப்போன பொய் ஒன்று முன்னால் ஓடியது, அதைக் காப்பாற்ற இன்னொன்று பின்னால் ஓடியது. ஆனால் அன்று பஸ் ஸ்டாண்டில் அவர் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, நான் அதை வாங்காமல் திரும்பி நின்றேன். அவர் தூரப் போனதும் அண்ணனிடம் ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"விடு மக்கா. அப்பா அங்க வச்சு அழுதிருவாரோன்னு பேடிச்சுட்டேன்" என்றான்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் சத்தமில்லை. "எனக்க பிள்ளய விட ஒங்களுக்கு அந்த அரிசிப்பானையா பெரிசு?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பா சாப்பிடாமல் படுத்தார். காலையில், அடுத்த தடவை தானே போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்த அடுத்த தடவை வந்தபோது அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தடவை ஒரு கல்யாணம். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்து திரும்பிப் போனதும் உண்டு. அவரைத் திட்டித் திட்டி எனக்கு வாய் ஓய்ந்தது. அண்ணன் திட்டவில்லை. குடிகாரன் என்று பெயர் வாங்கியாயிற்று, ஒருநாள் குடித்தாவது பார்க்க வேண்டும் என்று வேடிக்கை பேசுவான். கடைசி வரை குடிக்கவில்லை.

பொது வரிசையில் மருந்து சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. இன்சுலின் குப்பியை ஈரமணல் போட்ட சட்டியில் புதைத்து வைத்திருந்தோம். குப்பி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று அவன் அளவைக் குறைத்துக் குத்திக்கொண்டான். ஆரியங்கோட்டு வேலை போயிற்று. தலையணையும் அவனுமாக நடு அறையில் கவிழ்ந்து கிடந்தான்.

அப்பாவை நம்பிப் பயனில்லை என்று நானே டாக்டரிடம் போனேன். டைப்ரைட்டிங் வகுப்புக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திருவனந்தபுரம் போனது அதுதான் முதல் தடவை. அவர் என்னை உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பானையை மூடிச் சுண்டவைத்ததைக்கூடச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் தயங்கினார். என் அண்ணன் குடிப்பதில்லை என்று எல்லாத் தங்கைகளும் சொல்வார்கள், குடிக்கிறான் என்று சொல்கிற அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால்தான் நம்பினேன் என்றார். அது நியாயமான பேச்சுதான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அப்பாவைக் கூட்டி வர முடியுமா என்றார். வரமாட்டார் என்றேன்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். அவரிடம் வேலை பார்க்கிற ஒரு பெண் ஊர் ஊராகப் போய் இந்த நோயாளிகள் என்ன தின்கிறார்கள் என்று விசாரித்து வருவாளாம். அவளை எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புகிறேன் என்றார். நீ சொல்கிற மரச்சீனி விஷயம் உண்மை என்று நாலு பேர் சொன்னால் குடியைப் பற்றி நீ சொல்வதையும் நம்புவேன், உன் அண்ணனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். எங்கள் ரகசியம் எவ்வளவு பெரிய ரகசியம் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஊரில் அத்தனை பேருக்கும் மூக்கு உண்டு. யாரைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. காற்று அவ்வளவு சுகமாக இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தடுப்பார், அண்ணனுக்குத் தெரிந்தால் ஆசைப்படுவான். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனேன். டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் போய் நாலு வீட்டில் கேட்டாளாம். அந்த வீட்டில் அரிசிச் சோறுதான், மரச்சீனி தொடமாட்டார்கள், பசுவுக்குத்தான் வாங்குவார்கள் என்று நாலு வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னார்களாம். பையன் குடித்துப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்களாம், ஆனால் அப்படி எல்லா ஊரிலும் சொல்வார்கள் என்றார் டாக்டர். உனக்கு அண்ணன்மேல் பாசம், அது எனக்குப் புரிகிறது என்று தட்டிக்கொடுக்கிற மாதிரி பேசினார்.

நான் எழுந்து வந்தேன். அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பக்கமே வந்திருக்கமாட்டாள், எங்கேயோ நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். முகம்கூடத் தெரியாத அவளை நான் சபிக்காத நாள் இல்லை. அவள் குடும்பம் விளங்காது என்றும் சொன்னேன்.

அண்ணன், வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் செத்தான். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே மூச்சு பெரிசு பெரிசாக வந்தது. பக்கத்தில் போனால் அழுகிப்போன பழத்தின் வாசம் அடித்தது. விடியும்போது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பக்கத்து விளைக்காரர்தான் ஓடிப்போய் ஜீப் கூட்டி வந்தார். நெய்யாற்றின்கரை போய்ச் சேருவதற்குள், என் மடியிலேயே அந்தப் பெரிய மூச்சு நின்றுவிட்டது. தலையணை வேண்டாத ஒரு தூக்கம் அவனுக்கு வந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படித் தோன்றியதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

திரும்பக் கொண்டுவந்து கிடத்தினோம். அக்கம்பக்கத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாமரம் ஒன்றை வெட்டி விறகாக்கினார்கள். மழை விட்டு விட்டுப் பெய்ததால் விறகைப் பழைய தொழுவத்துக்குள் அடுக்கினார்கள். பிறகு பக்கத்து விளைக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனார். தீக்குக் காற்று கிடைக்க அடியில் குழி வெட்டுவது வழக்கம். இன்னும் மூன்று பேர் கூடப் போனார்கள். அப்பா குடை பிடித்தபடி ஓரமாக நின்றார். நான் செம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று எனக்கும் அப்போது நினைவு வரவில்லை. துக்கத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

இரண்டாவது வெட்டிலேயே மரச்சீனித் தோல் வந்தது. போன வாரம் புதைத்தது மேலாக, இன்னும் பழுப்பும் சிவப்பும் மாறாமல் இருந்தது. அதற்கடியில் மக்கியது. அதற்கும் அடியில் கறுத்து மண்ணோடு மண்ணாகப் போனது. புளித்த வாடை எழுந்தது. விளைக்காரர் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடப் பார்த்தார். கூட நின்றவர்கள் அப்பாவைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மழைநீர் வந்து தோலைக் கழுவி வெளுக்கக் காட்டியது.

அப்பா குடையைக் கீழே வைத்தார். எல்லாரும் கேட்கும்படி, கோவிலில் சத்தியம் செய்கிற குரலில் சொன்னார். "எனக்க மவன் குடிச்சதில்ல. ஒரு துள்ளி குடிச்சதில்ல. மரச்சீனியாக்கும் தின்னான். நாங்க எல்லாரும் அதுதான் தின்னோம்."

டாக்டரின் மேஜைக்கு முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தைகள். ஒன்றுகூட விடாமல் சொல்லிவிட்டார்.

"அது எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. நாந்தானே தந்தேன்" என்றார் விளைக்காரர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவருக்கு முகம் கோணியது. வயதான ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "ஆசுபத்திரியிலேருந்து ஒரு பெண்ணு வந்து கேட்டா அண்ணாச்சி. எங்க நாலு வீட்லயும் கேட்டா. ஒங்களுக்குக் கொறச்சலா எதுவும் வந்திரப்பிடாதுன்னு நாங்க கூடிப் பேசித்தான் சொன்னோம். பசுவுக்காக்கும் வாங்குகதுன்னு சொல்லிவிட்டோம்."

நான் சபித்த பெண் வந்திருக்கிறாள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டிருக்கிறாள். யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் எங்கள் மேல் மரியாதை வைத்திருந்தார்கள்.

அப்பா திரும்பித் தொழுவத்தைப் பார்த்தார். பசுவைக் கட்டுகிற முளைக்கம்பு அப்படியே நின்றது. அதைச் சுற்றிலும் அண்ணனுக்காக வெட்டிய விறகு நனையாமல் அடுக்கி வைத்திருந்தது.